விகிதசமமும் வடிவொத்த உருவங்களும்: வீட்டுப்பாடம் போட ஒரு முழுமையான வழிகாட்டி

விகிதசமக் கணக்கில் பிள்ளைகள் பெருக்கலில் தவறுவது குறைவு. குறுக்குப் பெருக்கல் நடுநிலைப் பள்ளியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் மதிப்பெண் போவது அதற்கு முந்தைய வரியில்தான். எந்த நீளத்துக்குக் கீழே எந்த நீளத்தை எழுதுவது என்ற இடத்தில் கை தடுமாறுகிறது. அந்த வரி சரியாக விழுந்துவிட்டால் மீதியைத் தூக்கத்தில்கூடப் போடலாம். தப்பாக விழுந்தால் அப்புறம் எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும் பலன் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: எதற்கு எது ஜோடி?

பாடநூலில் முக்கோணத்தின் முனைகளுக்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே க, ச, ட என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாத எண்ணுக்கு ய. உங்கள் நோட்டில் உங்கள் புத்தகத்தில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்துங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். படம் போடாமல் இதைப் படித்தால் பாதிதான் ஏறும்.

1. இது விகிதசமக் கணக்குதானா?

ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் இரண்டு மடங்காக வேண்டும். ஒன்று பூஜ்ஜியமானால் மற்றதும் பூஜ்ஜியமாக வேண்டும். இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் நேர் விகிதம். 3 கிலோ தக்காளிக்கு 90 ரூபாய் என்றால் 6 கிலோவுக்கு 180. வாங்கவே இல்லையென்றால் காசும் இல்லை.

இந்தச் சோதனையில் தோற்கும் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 2013-ல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 3.8 கிலோமீட்டர் போனால் 25 + 24 = 49 ரூபாய். தூரம் இரட்டிப்பாகி 7.6 கிலோமீட்டர் ஆனால் 98 ஆக வேண்டுமே? ஆகாது. 25 + 5.8 × 12 = 94 ரூபாய் 60 காசு. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று நடுவில் நிற்பதால் இது விகிதசமம் இல்லை. (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ வந்ததா என்பது வேறு கணக்கு.) வயதுக் கணக்கும் இப்படித்தான். அக்காவுக்கு 12, தம்பிக்கு 6 என்றால் அக்காவுக்கு 24 ஆகும்போது தம்பிக்கு 18. வித்தியாசம்தான் மாறாமல் இருக்கிறது, விகிதம் இல்லை.

ஒன்று ஏற மற்றது இறங்கினால் எதிர் விகிதமா என்று பாருங்கள். 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? இங்கே பின்னம் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆள் × நாள் மாறாது என்று எழுதுங்கள். 6 × 10 = 60, 60 ÷ 15 = 4 நாள். அவ்வளவுதான்.

2. எண்ணுக்கு முன் தலைப்பு

நேர் விகிதம் என்று தெரிந்துவிட்டது. உடனே பின்னம் எழுதாதீர்கள். முதலில் இரண்டு தலைப்பு, இரண்டு வரிசை என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்.

நகைக்கடைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு சுத்தத் தங்கம். ஒரு சவரன், அதாவது 8 கிராம் 22 காரட் நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு?

தலைப்பு: சுத்தத் தங்கம் | மொத்தம்
காரட் கணக்கில்: 22 | 24
நகையில்: ய | 8

இப்போது கட்டத்தைப் பார்த்தபடியே எழுதலாம்: 22/24 = ய/8. குறுக்கே பெருக்கினால் 24 × ய = 22 × 8 = 176. ய = 176 ÷ 24 = 7.33 கிராம். 22 ÷ 24 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: 0.9166. நகைகளில் 916 என்று முத்திரை விழுவதன் காரணம் அதுதான்.

இதே கட்டத்தைப் படுக்கையாகவும் வாசிக்கலாம், நெடுக்காகவும் வாசிக்கலாம். 22/ய = 24/8 என்று எழுதினாலும் அதே விடை. இரண்டையும் தலைகீழாக்கி 24/22 = 8/ய என்று எழுதினாலும் அதே விடை. ஒன்றை மட்டும் தலைகீழாக்கினால்தான் வம்பு. 22/24 = 8/ய என்று எழுதிவிட்டால் ய = 8.73 என்று வரும். 8 கிராம் நகைக்குள் 8.73 கிராம் தங்கமா? கட்டத்தில் பகுதி எது, முழுமை எது என்று எழுதியிருந்தால் விடை வந்த உடனேயே கண்ணில் படும்.

மூன்று எண் தெரிந்து நான்காவதைக் காணும் இந்த வழி நம் நாட்டில் மிகப் பழையது. ஆரியபட்டர் 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில் 'திரைராசிகம்' என்ற பெயரில் இது இருக்கிறது. வேண்டிய அளவைப் பலனால் பெருக்கி, கொடுத்த அளவால் வகு என்பது விதி. தக்காளிக் கணக்கில் வேண்டிய அளவு 6 கிலோ, பலன் 90 ரூபாய், கொடுத்த அளவு 3 கிலோ: 6 × 90 ÷ 3 = 180. நாம் பள்ளியில் போடும் ஓரலகு முறைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். நாம் முதலில் வகுத்துவிட்டு அப்புறம் பெருக்குகிறோம். பின்னம் வந்து தொல்லை கொடுக்கும் கணக்குகளில் பெருக்கிவிட்டு வகுப்பதே சுலபம்.

3. குறுக்குப் பெருக்கல் எங்கே செல்லும், எங்கே செல்லாது

இரண்டு பின்னங்களுக்கு நடுவே சமக்குறி இருந்தால் மட்டும் குறுக்கே பெருக்கலாம். இரு பக்கத்தையும் இரண்டு கீழ் எண்களாலும் பெருக்குகிறோம், கீழ் எண்கள் அடிபடுகின்றன. அதைச் சுருக்கித்தான் 'குறுக்கே' என்கிறோம். நடுவில் கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ இருந்தால் இந்த வழி செல்லாது.

ய மேலேயும் கீழேயும் வரும்போது அடைப்புக்குறி போட மறக்காதீர்கள். உதாரணமாக

ய/(ய − 3) = (ய + 4)/(ய − 1)

குறுக்கே பெருக்க: ய(ய − 1) = (ய + 4)(ய − 3). விரித்தால் இடப்பக்கம் ய² − ய. வலப்பக்கம் ய² + ய − 12. இரு பக்கமும் ய² அடிபட்டுப் போகிறது. மிச்சம் 2ய = 12, ய = 6. சரிபார்க்க: 6/3 = 2, 10/5 = 2. பொருந்துகிறது. இது முக்கோணத்தின் நீளங்களைப் பற்றிய கணக்காக இருந்து ய = 2 என்று ஏதாவது வந்திருந்தால் ய − 3 எதிர்ம எண்ணாகிவிடும். நீளம் எதிர்மமாக இருக்க முடியாது என்பதால் அந்த விடையை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

4. வடிவொத்தது என்றால்

உருவம் ஒன்றே, அளவு மட்டும் வேறு. இதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஒத்த கோணங்கள் எல்லாம் சமம், ஒத்த பக்கங்கள் எல்லாம் ஒரே விகிதம். அந்த விகிதத்துக்குத்தான் அளவு காரணி என்று பெயர். அளவு காரணி 1 என்றால் சர்வசமம்.

4 × 6 அங்குல ஃபோட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்து 8 × 10 சட்டத்துக்குப் பெரிதாக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்கும் சித்தப்பா பாதி போய்விடுவார். 4-ஐ 8 ஆக்க அளவு காரணி 2. அதே காரணியில் 6 என்பது 12 ஆகும். சட்டத்தில் இருப்பது 10. ஆக 2 அங்குலம் வெட்டியே ஆக வேண்டும். எல்லாச் செவ்வகங்களுக்கும் கோணம் 90 பாகைதான். ஆனாலும் எல்லாச் செவ்வகங்களும் வடிவொத்தவை கிடையாது. இரண்டு பக்கத்திலும் ஒரே அளவைக் கூட்டினாலும் வடிவம் கெடும். 4 × 6-இல் இரண்டிரண்டு கூட்டினால் 6 × 8. 4/6-உம் 6/8-உம் சமமில்லை.

முக்கோணத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எல்லா நிபந்தனையையும் சோதிக்க வேண்டியதில்லை. இரண்டு கோணம் சமமானால் போதும் (கோ-கோ). மூன்று பக்கமும் ஒரே விகிதமானால் போதும் (ப-ப-ப). இரண்டு பக்கம் ஒரே விகிதம், அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் சமம் என்றாலும் போதும் (ப-கோ-ப). வீட்டுப்பாடத்தில் பெரும்பாலும் வருவது கோ-கோ. சமமான கோணங்களைத் தேட நான்கு இடங்கள் பாருங்கள்: இரண்டு முக்கோணத்துக்கும் பொதுவான கோணம், செங்கோணம், குத்தெதிர்க் கோணம், இணைகோடுகளால் வரும் கோணம்.

5. பெயரை வரிசையாக எழுதினால் படமே வேண்டாம்

இரண்டு முக்கோணங்கள் ஒரே திசையில் நின்றால் யாரும் ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒன்று திரும்பி நின்றாலோ ஒன்றின்மேல் ஒன்று கிடந்தாலோதான் கண் ஏமாறுகிறது. அங்கே கண்ணை நம்பாமல் எழுத்து வரிசையை நம்புங்கள்.

தநர என்ற முக்கோணத்தில் த-வில் செங்கோணம். த-விலிருந்து கர்ணமான நர மீது ஒரு செங்குத்து இறக்குகிறோம். அது தொடும் இடம் வ. நவ = 4, வர = 9. செங்குத்து தவ எவ்வளவு?

கர்ணத்தை அடியாக வைத்து, ந இடப்பக்கமும் ர வலப்பக்கமும் வருமாறு படம் போடுங்கள். செங்குத்து பெரிய முக்கோணத்தை இரண்டு சின்ன முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இரண்டிலும் வ-வில் செங்கோணம். ந-வில் உள்ள கோணத்தைப் புள்ளி வைத்துக் குறியுங்கள். அதோடு ர-வில் உள்ள கோணத்தைக் கூட்டினால் 90. வலப்பக்கச் சின்ன முக்கோணத்திலும் ர-வின் கோணத்தோடு த-வில் உள்ள கோணத்தைக் கூட்டினால் 90. ஆக அந்த த-வின் கோணமும் ந-வின் கோணமும் ஒன்று. அங்கேயும் ஒரு புள்ளி வையுங்கள்.

இனி வரிசை எழுதலாம்: முதலில் செங்கோணம், அடுத்து புள்ளி வைத்த முனை, கடைசியில் மிச்ச முனை.

இடது முக்கோணம்: வ, ந, த
வலது முக்கோணம்: வ, த, ர

முதல் இரண்டு எழுத்துக்கு ஜோடி முதல் இரண்டு எழுத்து. முதலும் கடைசியும் சேர்ந்தால் அதற்கு ஜோடி முதலும் கடைசியும். படத்தைப் பார்க்காமலேயே எழுதலாம்: வந/வத = வத/வர. எண்ணைப் போட்டால் 4/வத = வத/9; வத² = 36; வத = 6. இங்கே ஒரே கோடு ஒரு முக்கோணத்தில் நெட்டைப் பக்கமாகவும் இன்னொன்றில் குட்டைப் பக்கமாகவும் வருகிறது. எழுத்து வரிசை இல்லாமல் இதைப் பிடிப்பது கஷ்டம்.

'முக்கோணம் கசட, முக்கோணம் பமல வடிவொத்தவை' என்று வினாவிலேயே கொடுத்திருந்தால் வேலை இன்னும் குறைவு. க-வுக்கு ப, ச-வுக்கு ம, ட-வுக்கு ல. வினா எழுதியவரே ஜோடியைக் கையில் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

6. இணைகோடு: அதிக மதிப்பெண் போகும் இடம்

முக்கோணம் கசட, உச்சி க, அடி சட. கச மேல் ப, கட மேல் ம. பம, சட-வுக்கு இணை. கப = 4, பச = 6, மட = 9, சட = 20. கம எவ்வளவு, பம எவ்வளவு?

முதல் கேள்விக்கு அடிப்படை விகிதசமத் தேற்றம், அதாவது தேல்ஸ் தேற்றம். இணைகோடு இரண்டு பக்கத்தையும் ஒரே விகிதத்தில் வெட்டும். கப/பச = கம/மட. 4/6 = கம/9, கம = 6. சரி.

அந்த வேகத்திலேயே அடுத்ததையும் எழுதுகிறார்கள்: கப/பச = பம/சட, 4/6 = பம/20, பம = 13.33. இது தவறு. இணைகோட்டுக் கணக்குகளில் மிக அதிகமாக வரும் தவறும் இதுதான்.

எங்கே சறுக்குகிறது? பம ஒரு முக்கோணத்தின் பக்கம். அந்த முக்கோணம் கபம. சட-வும் ஒரு முக்கோணத்தின் பக்கம். அது பெரிய கசட. பச எந்த முக்கோணத்தின் பக்கம்? எதற்கும் இல்லை. அது பெரிய பக்கத்தின் கீழ்த்துண்டு மட்டும். இரண்டு முழு முக்கோணங்களை ஒப்பிடும் இடத்தில் துண்டுக்கு வேலை கிடையாது. எழுத்து வரிசையை எழுதியிருந்தால் (சின்னது க, ப, ம; பெரியது க, ச, ட) பச என்ற ஜோடியே வந்திருக்காது. கப-வுக்கு ஜோடி கச. கச = 4 + 6 = 10. ஆக கப/கச = பம/சட, 4/10 = பம/20, பம = 8.

விடையை மனசுக்குள்ளேயே சோதிக்கலாம். ப, உச்சியிலிருந்து பத்தில் நான்கு பங்கு இறங்கியிருக்கிறது. உச்சியில் அகலம் பூஜ்ஜியம், அடியில் 20. பாதிக்கும் மேலே, உச்சிப் பக்கம் இருக்கிற கோடு 10-ஐ விடக் குட்டையாகத்தானே இருக்க வேண்டும்? 13.33 எப்படி வரும்?

ஆகவே நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கேள்வியில் பக்கவாட்டுக் கோடுகள் மட்டும் இருந்தால் துண்டுக்குத் துண்டு எழுதலாம். இணைகோட்டின் நீளமும் உள்ளே வந்துவிட்டால் முழுசுக்கு முழுசுதான்.

கோண இருசமவெட்டித் தேற்றமும் பக்கத்துப் பாடம்தான். க-வின் கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு எதிர்ப் பக்கத்தை, க-வைத் தொடும் இரண்டு பக்கங்களின் விகிதத்தில் பிரிக்கும். பக்கங்கள் 6, 9. எதிர்ப் பக்கம் 10. 6 : 9 என்பது 2 : 3. பத்தை 2 : 3-ஆகப் பிரித்தால் 4-உம் 6-உம். இங்கே இணைகோடு எதுவும் இல்லை, பிரியும் இரண்டு சின்ன முக்கோணங்களும் பொதுவாக வடிவொத்தவை இல்லை. அதனால் கோ-கோ என்று காரணம் எழுதிவிடாதீர்கள். தேற்றத்தின் பெயரை எழுதுங்கள்.

7. நிழல் கணக்கு

வெயில் நிழல் ஒரு வகை, விளக்கு நிழல் இன்னொரு வகை.

வெயிலில் கதிர்கள் இணையாக வருகின்றன. ஒரே நேரத்தில் குச்சிக்கும் மரத்துக்கும் சூரியன் ஒரே கோணத்தில் இருக்கும். இரண்டும் தரைக்குச் செங்குத்து. கோ-கோ முடிந்தது. 90 செ.மீ. குச்சிக்கு 60 செ.மீ. நிழல், தென்னைக்கு 8 மீட்டர் நிழல். உயரம் : நிழல் = 90 : 60 = 3 : 2. ய/8 = 3/2, ய = 12 மீட்டர். குச்சி செ.மீ-இல், மரம் மீட்டரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரே பின்னத்துக்குள் மேலும் கீழும் ஒரே அலகு இருந்தால் போதும். குச்சியை மேலேயும் மரத்தைக் கீழேயும் எழுதும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் முதலில் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கர் தேல்ஸ் எகிப்தியப் பிரமிடின் உயரத்தை நிழலை வைத்தே சொன்னார் என்று பழைய நூல்களில் கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அந்தக் கணக்கில் ஒரு நல்ல பொறி இருக்கிறது. கீசாவின் பெரிய பிரமிடின் அடிப்பக்கம் சுமார் 230 மீட்டர். உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி அடித்தளத்தின் நட்டநடுவில் இருக்கிறது. நிழல் ஒரு பக்கத்துக்குச் செங்குத்தாக விழும் நேரத்தில், வெளியே தெரியும் நிழலோடு பிரமிடுக்கு அடியில் மறைந்திருக்கும் 115 மீட்டரையும் கூட்ட வேண்டும். 1 மீட்டர் குச்சிக்கு 1.5 மீட்டர் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 104 மீட்டர் நிழல் தெரிந்தால் மொத்தம் 219. 219 ÷ 1.5 = 146 மீட்டர். பிரமிட் கட்டப்பட்டபோது இருந்த உயரம் ஏறத்தாழ அதுதான். 115-ஐ விட்டுவிட்டால் வெறும் 69 மீட்டர் வரும். நிழலை எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் பாதிக் கணக்கு இருக்கிறது.

தெருவிளக்குக் கணக்கிலும் இதே பொறிதான். 6 மீட்டர் விளக்குக் கம்பம். அதிலிருந்து 9 மீட்டர் தள்ளி 1.5 மீட்டர் உயரப் பெண் நிற்கிறாள். நிழல் எவ்வளவு?

ஒளி ஒரே புள்ளியிலிருந்து வருவதால் இரண்டு முக்கோணங்களும் நிழலின் நுனியில் சேர்கின்றன. சின்ன முக்கோணத்தின் அடி நிழல் மட்டும்: ய. பெரிய முக்கோணத்தின் அடி கம்பத்திலிருந்து நிழல் நுனி வரை: 9 + ய. பலர் இங்கே 9 என்று மட்டும் எழுதிவிடுவார்கள். ஆறாம் பகுதியில் பார்த்த துண்டுக்கும் முழுசுக்கும் உள்ள சண்டைதான் இங்கேயும்.

ய/(9 + ய) = 1.5/6 = 1/4. குறுக்கே பெருக்க 4ய = 9 + ய, 3ய = 9, ய = 3 மீட்டர்.

இந்தக் கணக்குக்கும் ஆரியபட்டர் விதி தந்திருக்கிறார்: கம்பத்துக்கும் குச்சிக்கும் (இங்கே குச்சிக்குப் பதில் அந்தப் பெண்) உள்ள தூரத்தைக் குச்சியின் உயரத்தால் பெருக்கி, இரண்டு உயரங்களின் வித்தியாசத்தால் வகு. 9 × 1.5 = 13.5, 6 − 1.5 = 4.5, 13.5 ÷ 4.5 = 3. விடையைச் சரிபார்க்க இது அருமையான குறுக்குவழி. ஆனால் தேர்வில் முக்கோணங்கள் வடிவொத்தவை என்று காட்டாமல் இதை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது.

8. நீளம், பரப்பு, கன அளவு

அளவு காரணி 3 என்றால் சுற்றளவு 3 மடங்கு, பரப்பு 9 மடங்கு, கன அளவு 27 மடங்கு. கோணம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போனால் இதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ.; ஏ3 தாள் 297 × 420. 297/210-உம் 420/297-உம் ஏறத்தாழ 1.414, அதாவது √2. ஏ3 என்பது இரண்டு ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பரப்பு. ஏ4 பக்கத்தை ஏ3-க்குப் பெரிதாக்க எந்திரத்தில் 141% என்று வைப்பார்கள். 200% என்று வைத்தால் நான்கு தாள் பரப்பு வேண்டும். அந்தச் சதவீதம் நீளத்துக்கு உரியது. திரும்ப ஏ4-க்குக் கொண்டுவர 71%.

கன அளவில் இது இன்னும் வேகமாக ஏறும். 4 செ.மீ. விட்டமுள்ள லட்டு, 5 செ.மீ. விட்டமுள்ள லட்டு. பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிது. 5 × 5 × 5 = 125; 4 × 4 × 4 = 64. ஏறக்குறைய இரட்டிப்பு மாவு போகும். 500 லிட்டர் தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் 4,000 லிட்டர் பிடிக்கும்.

திருப்பிக் கேட்கும்போதுதான் பிள்ளைகள் விழுகிறார்கள். இரண்டு வடிவொத்த முக்கோணங்களின் பரப்பு 9 : 16 என்றால் பக்கங்கள் 3 : 4. பரப்பைக் கொடுத்துப் பக்கத்தைக் கேட்டால் வர்க்கமூலம். பக்கத்தைக் கொடுத்துப் பரப்பைக் கேட்டால் வர்க்கம். சுற்றளவு கொடுத்தால் எதுவும் வேண்டாம், அதுவும் நீளம்தான். சுற்றளவுகள் 30, 45. சின்னதில் ஒரு பக்கம் 8 என்றால் பெரியதில் அதன் ஜோடி 12.

ஆறாம் பகுதியின் முக்கோணத்துக்குத் திரும்பினால் கபம : கசட பரப்பு 4² : 10², அதாவது 4 : 25. கீழே மிஞ்சும் சரிவகம் 25 − 4 = 21 பங்கு. 'சின்ன முக்கோணத்துக்கும் சரிவகத்துக்கும் உள்ள விகிதம் என்ன' என்று கேட்டால் விடை 4 : 21. 16 : 36 என்று எழுதினால் சரிவகத்தை முக்கோணமாக நினைத்துவிட்டீர்கள்.

9. அளவு காரணி கொடுத்து வரைதல்

பத்தாம் வகுப்பில் 3/5, 7/4 என்று காரணி கொடுத்து வடிவொத்த முக்கோணம் வரையச் சொல்வார்கள். கசட முக்கோணத்தை வரைந்தபின் ச-விலிருந்து, க இல்லாத பக்கமாக, சட-வோடு குறுங்கோணம் வருமாறு ஒரு கதிர் இழுங்கள். காம்பஸால் அதில் சம இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். எத்தனை புள்ளி? பின்னத்தின் இரண்டு எண்ணில் எது பெரியதோ அத்தனை: 3/5-க்கு 5, 7/4-க்கு 7.

அடுத்த அடியில்தான் குழப்பம். எந்தப் புள்ளியை ட-வோடு சேர்ப்பது? எப்போதும் கீழ் எண்ணைத்தான். 3/5-க்கு 5-ஆம் புள்ளி, 7/4-க்கு 4-ஆம் புள்ளி. கொடுத்த முக்கோணம் கீழ் எண்ணின் அளவு, புது முக்கோணம் மேல் எண்ணின் அளவு என்று ஜோடி வைத்துப் பார்த்தால் மனப்பாடமே வேண்டாம். பிறகு மேல் எண்ணுள்ள புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு இணை வரையுங்கள். 3/5 என்றால் அது சட-வின் உள்ளேயே வெட்டும். 7/4 என்றால் சட-வை நீட்டி வைத்திருக்க வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து டக-வுக்கு இணை வரைந்தால் கச-விலோ அதன் நீட்சியிலோ மூன்றாவது முனை கிடைக்கும். முதலிலேயே உதவிப்படம் போட்டுவிடுங்கள். காரணி 1-ஐ விடப் பெரியது என்றால் தாளில் இடம் விட்டுத் தொடங்க அது உதவும்.

10. போட்டுப் பார்க்க நான்கு கணக்கு

அ) இந்திய நில அளவைத் துறையின் 1 : 50,000 வரைபடத்தில் ஓர் ஏரி 6 சதுர செ.மீ. இருக்கிறது. உண்மைப் பரப்பு எவ்வளவு?

ஆ) 4.8 மீட்டர் விளக்குக் கம்பம். 1.6 மீட்டர் உயரமுள்ளவரின் நிழல் 2 மீட்டர். அவர் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்?

இ) முக்கோணத்தின் அடிக்கு இணையான கோடு பக்கங்களை உச்சியிலிருந்து 2 : 3 என்று வெட்டுகிறது. கீழே உள்ள சரிவகத்தின் பரப்பு 42 சதுர செ.மீ. முழு முக்கோணத்தின் பரப்பு?

ஈ) செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு இறக்கிய செங்குத்து 12, கர்ணத்தின் ஒரு துண்டு 9. மற்றத் துண்டு?

விடைகள். (அ) 1 செ.மீ. என்பது 50,000 செ.மீ., அதாவது அரை கிலோமீட்டர். 1 சதுர செ.மீ. என்பது அரை × அரை = கால் சதுர கிலோமீட்டர். ஆறுக்கு 1.5 சதுர கி.மீ. விடை 3 வந்திருந்தால் நீளக் காரணியைப் பரப்புக்குப் போட்டிருக்கிறீர்கள். (ஆ) 2/(2 + ய) = 1.6/4.8 = 1/3; 6 = 2 + ய; 4 மீட்டர். 6 என்று வந்திருந்தால் அது நிழல் நுனிக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரம். (இ) சின்னதும் முழுசும் 2 : 5, பரப்பில் 4 : 25, சரிவகம் 21 பங்கு. 21 பங்கு 42 என்றால் ஒரு பங்கு 2; முழு முக்கோணம் 50 சதுர செ.மீ. (ஈ) 9/12 = 12/ய; ய = 144 ÷ 9 = 16.